பீரோவைத் திறக்கும் இரண்டரை நிமிடம்

பள்ளி ரோபோட்டிக்ஸ் மன்றங்கள் எதனால் வளர்கின்றன, எதனால் முடங்குகின்றன? மானகிரியை முன்வைத்து ஓர் அலசல்

பள்ளிக்கு ரோபோ கிட் வந்து சேர்ந்த கதை பெரும்பாலான ஊர்களில் ஒரே மாதிரிதான் போகும். பெட்டி வந்து இறங்கும். விருந்தினர் ஒருவர் ரிப்பன் வெட்டுவார். பிள்ளைகளை வரிசையாக நிறுத்திப் படம் எடுப்பார்கள், கேட்டில் ஃப்ளெக்ஸ் தொங்கும். மறுவாரம் ஸ்டாக் ரிஜிஸ்டரில் எண் போட்டு ஏற்றிவிட்டு, பெட்டியை லேபில் இருக்கும் இரும்பு பீரோவுக்குள் வைத்துப் பூட்டிவிடுவார்கள். ஒரு சென்சார் தொலைந்தால் ஆடிட்டில் யார் பதில் சொல்வது? சாவி வைத்திருக்கும் அறிவியல் ஆசிரியருக்கோ பத்தாம் வகுப்பு போர்ஷன் முடிக்க வேண்டும், தேர்தல் வேலை வரும், பயிற்சி வகுப்புக்கு அழைப்பு வரும். இரண்டு வருடம் கழித்துத் திறந்து பார்த்தால் பேட்டரி உப்பிக் கிடக்கும்.

அந்த ஆசிரியரைக் குறை சொல்ல வாய் வரவில்லை. பீரோவைத் திறக்க அவருக்கு ஒரு காரணம் வேண்டும், அவ்வளவுதான். ஆர்வமுள்ள ஆசிரியர் காரணம் இல்லாமலும் திறப்பார்; அவர் மாற்றலாகிப் போனால் மறுபடி பூட்டு விழும். உலகத்தில் பத்து, இருபது வருடம் தாக்குப்பிடித்த பள்ளி ரோபோ மன்றங்களின் கதையைப் பார்த்தால் அநேகமாக எல்லாவற்றிலும் தேதி குறித்த ஒரு போட்டி இருக்கிறது. கோயில் திருவிழாவுக்குக் காப்புக் கட்டிய பிறகுதானே ஊரே வெள்ளையடிக்கக் கிளம்புகிறது? அதே கணக்குதான் இதுவும்.

மானகிரி இந்தக் கேள்வியைக் கேட்கத் தோதான இடம். காரைக்குடியிலிருந்து மதுரைக்குப் போகும் சாலையில், குன்றக்குடிப் பக்கம் இருக்கும் ஊர். காலையில் சாலை முழுக்கப் பள்ளி வண்டிகள். கட்டணம் கட்டி ரோபோட்டிக்ஸ் படிக்கும் பிள்ளையும், சைக்கிளில் அரசுப் பள்ளிக்குப் போகும் பிள்ளையும் ஒரே சாலையில்தான் போகிறார்கள். செட்டிநாட்டில் கல்விக்குப் பணம் கொடுக்கும் பழக்கம் புதிதல்ல. பக்கத்தில் காரைக்குடியிலேயே ஒரு தேசிய ஆய்வுக்கூடம் இருக்கிறது. இத்தனையும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது ஒரு மன்றம் வளர இன்னும் என்னதான் வேண்டும்?

எட்டடி மேசை, 150 விநாடி

அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயரைச் சேர்ந்த கண்டுபிடிப்பாளர் டீன் கேமன் 1989-ல் ‘ஃபர்ஸ்ட்’ என்ற அமைப்பைத் தொடங்கினார். விளையாட்டில் ஜெயிக்கும் பிள்ளைக்குக் கிடைக்கும் கைதட்டல், எந்திரம் செய்யும் பிள்ளைக்கும் கிடைக்க வேண்டும் என்பது அவர் ஆசை. அவரோடு சேர்ந்து போட்டிக்கு வடிவம் கொடுத்தவர் எம்.ஐ.டி. பேராசிரியர் வூடி ஃப்ளவர்ஸ். மாணவர்களுக்கு ஆளுக்கொரு பெட்டி நிறைய சாமான்களைக் கொடுத்து, அதை வைத்தே எந்திரம் செய்யச் சொல்லி, கடைசியில் எந்திரங்களை மோதவிட்டுப் பாடம் நடத்தியவர் அவர். 1992-ல் அதே மாநிலத்தின் மான்செஸ்டர் என்ற ஊரில், ஒரு பள்ளியின் உள்விளையாட்டுக் கூடத்தில், 28 அணிகளோடு முதல் போட்டி நடந்தது. சின்னப் பிள்ளைகளுக்காக லெகோ நிறுவனத்தோடு சேர்ந்து 1998-ல் ஆரம்பித்ததுதான் ஃபர்ஸ்ட் லெகோ லீக். இன்றைக்கு இந்தியப் பள்ளிகளில் பல பிள்ளைகள் முதன்முதலாகக் கால் வைக்கும் ரோபோ களம் இதுதான்.

விதிகளைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்ப்போம். விஷயமே அங்கேதான் இருக்கிறது.

களம் என்பது ஒரு மேசை. உள்ளளவு 2,362-க்கு 1,143 மில்லிமீட்டர். நம் ஆசாரி கணக்கில் எட்டுக்கு நாலு பிளைவுட், சுற்றிலும் ரீப்பர் சட்டம். மேலே அச்சடித்த விரிப்பு, அதன்மேல் அந்த வருடத்துக் கருப்பொருளை ஒட்டிய பொம்மைகள். ரோபோ கிளம்பிப் போய் ஒன்றைத் தள்ள வேண்டும், ஒன்றைத் தூக்க வேண்டும், ஒன்றைக் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். ரிமோட் கிடையாது. பிள்ளைகள் எழுதிய புரோகிராம்தான் ஓட்டும். மொத்த நேரம் இரண்டரை நிமிடம். கிளம்பும் இடத்துக்கு வெளியே மாட்டிக்கொண்ட ரோபோவைக் கையால் எடுத்தால் ஒரு டோக்கன் போகும். டோக்கன்கள் மொத்தம் ஆறு. ஐந்தோ ஆறோ மிஞ்சினால் 50 புள்ளி, ஒன்றே ஒன்று மிஞ்சினால் 10. மூன்று ஆட்டத்தில் எது அதிகமோ அதுதான் கணக்கு.

மேசையில் நடக்கும் இந்த ஆட்டத்துக்கு மொத்த மதிப்பீட்டில் கால் பங்குதான். மீதி முக்கால் பங்கு, ரோபோவை எப்படி வடிவமைத்தீர்கள், கருப்பொருளை ஒட்டி நிஜ உலகப் பிரச்சினை ஒன்றுக்கு என்ன தீர்வு கண்டீர்கள், அணியாக எப்படி நடந்துகொண்டீர்கள் என்பவற்றுக்கு. நடுவர்கள் பிள்ளைகளை உட்காரவைத்துக் கேள்வி கேட்பார்கள். இந்த புரோகிராம் யார் எழுதினது? முதலில் செய்த கை ஏன் சரிவரவில்லை? பதில் சொல்ல வேண்டியது பிள்ளைகள். கோச் வாயைத் திறக்கக் கூடாது.

பள்ளியில் பத்துக்குப் பத்து தடவை சரியாக ஓடிய ரோபோ, போட்டி அன்றைக்கு முதல் ஆட்டத்திலேயே சுவரில் போய் முட்டும். இதைப் பார்க்காத அணியே கிடையாது. காரணம் மூன்றில் ஒன்றாக இருக்கும். பள்ளியில் பழகும்போது பாதி சார்ஜில் ஓடியது, இன்று முழு சார்ஜ். மோட்டார் வேகமாகச் சுற்றிவிட்டது. அல்லது பள்ளியில் ஜன்னல் வெளிச்சம், இங்கே மண்டபத்துக் குழல்விளக்கு. கறுப்புக் கோட்டுக்கும் வெள்ளைக்கும் கலர் சென்சார் கொடுக்கும் எண்கள் மாறிப்போயின. அதுவும் இல்லையென்றால் சக்கரத்தில் தூசி.

இந்த முட்டலிலிருந்துதான் பாடம் ஆரம்பிக்கிறது. இரண்டு விநாடி ஓடு என்று எழுதியிருந்த புரோகிராமை, சக்கரம் மூன்று சுற்று சுற்றும்வரை ஓடு என்று மாற்றுவார்கள். களத்துக்குப் போனதும் கறுப்பையும் வெள்ளையையும் சென்சாருக்குக் காட்டி, எண்களைப் புதிதாக எடுத்துக்கொள்ளப் பழகுவார்கள். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் முன் ஈரத் துணியால் சக்கரத்தைத் துடைப்பார்கள். வழியில் கோணல் வந்தால், ரோபோ பின்னாலேயே போய் முதுகைச் சுவரில் தட்டி நேராகிக்கொண்டு மறுபடி கிளம்பும்படி எழுதுவார்கள். கடைசியில் சொன்ன தந்திரம் கைவந்த அணியைப் பார்த்தாலே தெரியும், இது முதல் வருட அணி இல்லை என்று.

2004-ல் சிங்கப்பூரில் முதல் இறுதிச்சுற்று நடத்திய உலக ரோபோ ஒலிம்பியாட் இன்னும் கொஞ்சம் கெடுபிடி. இரண்டு அல்லது மூன்று பேர்தான் ஒரு அணி. போட்டி அன்று காலையில் புதிதாக ஒரு விதியைத் தூக்கிப் போடுவார்கள். வீட்டிலிருந்து மனப்பாடம் செய்துவந்த புரோகிராம் அங்கே உதவாது. கோச்சும் களத்துக்குள் வர முடியாது. ரோபோவை முழுக்கப் பிரித்து உதிரி பாகங்களாகக் கொண்டுவந்து களத்திலேயே பூட்ட வேண்டும் என்ற விதியும் பல வருடங்கள் இருந்தது. இதன் உலக இறுதிச்சுற்று 2016 நவம்பரில் டெல்லிக்கு வந்தது. இப்படிக் கடைசி நிமிடத்தில் சிலபஸ் மாறும் தேர்வை நம் பள்ளிக்கூடங்கள் கற்பனைகூடச் செய்து பார்த்ததில்லை.

பேட்டரி காட்டும் வழி

முழு சார்ஜில் ரோபோ ஏன் அதிக தூரம் போகிறது? இந்தக் கேள்வியை ஓர் எட்டாம் வகுப்புப் பிள்ளை கேட்டால் எங்கே அனுப்புவது? லித்தியம் அயான் செல் ஒன்று முழு சார்ஜில் 4.2 வோல்ட் இருக்கும். உபயோகிக்க உபயோகிக்க இறங்கி 3.7-ஐச் சுற்றி வெகுநேரம் நிற்கும், பிறகு சட்டென்று சரியும். ஏன் அப்படி என்பதற்கு விடை, பன்னிரண்டாம் வகுப்பு வேதியியலில் மின்வேதியியல் பாடத்தில் வரும். நாலு வருடம் காத்திருக்க வேண்டும்.

மானகிரிப் பிள்ளைக்கு அந்தக் காத்திருப்பு தேவையில்லை. அந்த விடையையே தொழிலாகக் கொண்ட நிறுவனம் காரைக்குடியில் இருக்கிறது. சிக்ரி என்று ஊரே அழைக்கும் மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுத்ததால் இந்த மண்ணுக்கு வந்தது. 1948 ஜூலை 25-ல் நேரு அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரி 14-ல், பொங்கல் நாளில், ராதாகிருஷ்ணன் திறந்துவைத்தார். உள்நாட்டுத் தொழில்நுட்பத்தில் லித்தியம் அயான் பேட்டரி செய்யும் வேலையில் இந்தியாவில் முன்னால் நின்ற நிறுவனங்களில் அதுவும் ஒன்று. மாணவர்களையும் விஞ்ஞானிகளையும் சேர்த்துவைக்கும் ‘ஜிக்யாசா’ திட்டத்தை அதன் தாய் அமைப்பான சி.எஸ்.ஐ.ஆர். 2017-ல் தொடங்கியது. சி.எஸ்.ஐ.ஆர். நிறுவன நாள் செப்டம்பர் 26. அதையொட்டி அதன் ஆய்வுக்கூடங்கள் பொதுமக்களுக்குக் கதவைத் திறந்துவிடுவது வழக்கம்.

பள்ளிகள் அங்கே பிள்ளைகளைக் கூட்டிப்போகாமல் இல்லை. பேருந்தில் ஏற்றி, வரிசையில் நடத்தி, ஒரு சுற்று காட்டிவிட்டு, பாக்கெட் பிஸ்கட் கொடுத்துத் திரும்பக் கூட்டிவந்துவிடுகிறார்கள். கையில் கேள்வி இல்லாமல் போகிற பிள்ளைக்கு அது இன்பச் சுற்றுலாதான். தன் ரோபோ சுவரில் முட்டிய காரணம் தெரிய வேண்டும் என்று போகிற பிள்ளை ஒரு விஞ்ஞானியை அரை மணி நேரம் நகரவிடாது. போட்டியால் கிடைக்கும் முதல் லாபம் இது. கோப்பை கிடைத்தால் அது அப்புறம்.

ஃபீனிக்ஸ் பையன்களும் நாற்றம் பிடித்த ரோபோவும்

ஒரு பள்ளி மன்றம் போட்டியால் எப்படி நிமிர்ந்தது என்று கேட்டால், அமெரிக்காவின் அரிசோனாவில் உள்ள கார்ல் ஹேடன் உயர்நிலைப் பள்ளியைத்தான் உலகம் முழுக்கச் சொல்வார்கள். ஃபீனிக்ஸ் நகரின் மேற்கே, ஏழைக் குடியிருப்புகள் சூழ்ந்த அரசுப் பள்ளி. பிள்ளைகளில் பெரும்பாலானவர்கள் மெக்சிகோவிலிருந்து வந்த குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். ஃப்ரெடி லஜ்வார்டி, ஆலன் கேமரன் என்ற இரண்டு ஆசிரியர்கள் அங்கே ரோபோ மன்றம் நடத்தினார்கள்.

2004-ல் நீருக்கடியில் ஓடும் ரோபோக்களுக்கான ‘மேட்’ போட்டி கலிஃபோர்னியாவின் சாண்டா பார்பராவில் நடந்தது. பள்ளிகளுக்கு ஒரு பிரிவு, கல்லூரிகளுக்கு ஒரு பிரிவு. தோற்கத்தானே போகிறோம், பெரியவர்களிடமே தோற்போம் என்று கல்லூரிப் பிரிவில் பெயர் கொடுத்தார்கள். அணியில் நாலு பையன்கள். திரட்டிய பணம் ஆயிரம் டாலருக்கும் குறைவு. உடம்பு முழுக்க பி.வி.சி. குழாய். குழாயை ஒட்டிய பசை அடித்த நெடியால் ரோபோவுக்கு வைத்த பெயர் ‘ஸ்டிங்கி’, நாற்றம் பிடித்தவன். எதிரே எம்.ஐ.டி. அணி, எக்ஸான்மொபில் ஸ்டிக்கர் ஒட்டிய ரோபோவோடு.

போட்டிக்கு வந்த இடத்தில் ஸ்டிங்கியின் மின்சாமான்கள் இருந்த பெட்டிக்குள் தண்ணீர் கசிந்தது. பிரித்துச் சரிசெய்ய நேரமில்லை. உள்ளே வரும் நீரை எதையாவது வைத்து உறிஞ்சினால் போதும் என்று பையன்களில் ஒருவனுக்குத் தோன்றியது. மாதவிடாய்க்குப் பெண்கள் பயன்படுத்தும் டாம்பூன்! வெட்கத்தை விழுங்கிக்கொண்டு கடைக்குப் போய் வாங்கிவந்து உள்ளே திணித்தார்கள். ரோபோ ஓடியது. நீருக்கடியில் இருந்த பீப்பாயிலிருந்து திரவம் எடுக்க வேண்டிய வேலையை ஒரு சின்ன பம்ப்பையும் பலூனையும் வைத்தே முடித்தார்கள், எம்.ஐ.டி. அணியால் அதைச் செய்ய முடியவில்லை. முதல் பரிசு கார்ல் ஹேடன் பள்ளிக்கு. எம்.ஐ.டி. இரண்டாவது.

ஜோஷுவா டேவிஸ் இந்தக் கதையை 2005-ல் ‘வயர்ட்’ இதழில் எழுதினார். பின்னால் அது புத்தகமாகி, 2015-ல் ‘ஸ்பேர் பார்ட்ஸ்’ என்ற சினிமாவும் ஆனது. சினிமா கோப்பையோடு முடிந்துவிடும். நமக்கு அதற்குப் பிறகு நடந்ததுதான் முக்கியம். அந்த நாலு பேரும் குடியுரிமை ஆவணம் இல்லாதவர்கள். எம்.ஐ.டி.யைத் தோற்கடித்தவர்களுக்குக் கல்லூரிக்குப் போவதே பெரும்பாடாக இருந்தது. அவர்களில் ஒருவர் படித்து முடித்துத் தானாகவே மெக்சிகோவுக்குத் திரும்பி, ஒரு வருடத்துக்கும் மேல் அங்கே கிடந்து, பிறகு விசா கிடைத்துவந்து அமெரிக்க ராணுவத்தில் சேர்ந்தார். போட்டி ஒரு பிள்ளையின் தலையெழுத்தை மாற்றிவிடும் என்று பேசுகிறவர்கள் இதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

ஆனால் மன்றம் வளர்ந்தது. ஜெயித்த நாலு பேர் போன பிறகும் பிள்ளைகள் வந்து சேர்ந்துகொண்டே இருந்தார்கள். 2008-ல் ஃபர்ஸ்ட் அமைப்பின் ஆக உயர்ந்த விருதான சேர்மன்ஸ் விருது அந்தப் பள்ளிக்குப் போனது. வேகமான ரோபோவுக்குத் தரும் விருது இல்லை அது. மற்ற பிள்ளைகளுக்கும் ஊருக்கும் அந்த அணி என்ன செய்தது என்று பார்த்துக் கொடுப்பது.

ஃபீனிக்ஸ் பையன்களின் பாடுதான் ஏறக்குறைய ஆப்கானிஸ்தானின் ஹெராத் நகரப் பெண்கள் அணிக்கும். 2017 ஜூலையில் வாஷிங்டனில் நடந்த ஃபர்ஸ்ட் குளோபல் போட்டிக்கு வர இரண்டு தடவை விசா மறுக்கப்பட்டது. அவர்களுடைய கிட் சுங்கத்தில் மாதக்கணக்கில் மாட்டிக்கொள்ள, வீட்டுச் சாமான்களை வைத்துப் பழகினார்கள். கடைசி நேரத்தில் அனுமதி கிடைத்து வந்து, துணிச்சலுக்கான வெள்ளிப் பதக்கத்தோடு ஊர் திரும்பினார்கள். கொரோனா வந்த 2020-ல் அதே அணி பழைய டொயோட்டா கரோலா கார் பாகங்களை வைத்துக் குறைந்த விலை வென்டிலேட்டர் செய்யும் வேலையில் இறங்கியது. அடுத்த வருடம் காபூல் தாலிபான் கையில் விழுந்ததும் அணியில் பலர் நாட்டைவிட்டே வெளியேற நேர்ந்தது.

இரண்டு ஆசிரியர்கள் வேண்டும்

நம் பக்கத்தில் அரசே செய்திருக்கும் காரியங்களில் கேரளத்தைத்தான் முதலில் சொல்ல வேண்டும். ‘கைட்’ என்ற அரசு நிறுவனம் 2018-ல் ‘லிட்டில் கைட்ஸ்’ மன்றங்களை ஆரம்பித்தது. இன்று 2,000-க்கும் மேற்பட்ட உயர்நிலைப் பள்ளிகளில் அவை இருக்கின்றன. எட்டாம் வகுப்பில் ஒரு நுழைவுத் தேர்வு வைத்துச் சேர்க்கிறார்கள். பள்ளி முகாமில் நன்றாகச் செய்தவர்கள் துணை மாவட்டத்துக்கு, அங்கிருந்து மாவட்டத்துக்கு, பிறகு மாநில முகாமுக்கு. 2022 டிசம்பரில் ஆர்டுயினோ பலகை வைத்த ரோபோ கிட்டுகள் 9,000 கொடுத்தார்கள். 2025-ல் பத்தாம் வகுப்புப் பாடத்திலேயே ரோபோட்டிக்ஸ் வந்துவிட்டது. நாலு லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் படிக்கிறார்கள்.

எனக்கு இந்த எண்களைவிடப் பிடித்தது ஒரு சின்ன ஏற்பாடு. ஒவ்வொரு லிட்டில் கைட்ஸ் மன்றத்துக்கும் பொறுப்பாசிரியர் இருவர். கைட் மாஸ்டர், கைட் மிஸ்ட்ரஸ். ஒருவர் மாற்றலானாலும் சாவி இன்னொருவரிடம் இருக்கும். கார்ல் ஹேடனிலும் ஆசிரியர்கள் இரண்டு பேர்தான் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

மத்திய அரசு 2016-ல் தொடங்கிய அடல் டிங்கரிங் லேப் திட்டம் ஒரு பள்ளிக்கு 20 லட்ச ரூபாய் வரை தருகிறது. அதில் பாதி கூடம் அமைக்க, பாதி ஐந்து வருடம் நடத்த. இதுவரை 10,000 கூடங்கள். அரசுப் பள்ளிகளில் இன்னும் 50,000 கூடங்கள் ஐந்து வருடத்தில் அமையும் என்று 2025 பட்ஜெட் சொன்னது. தமிழ்நாட்டில் 2022 நவம்பரில் திருச்சியில் தொடங்கிய வானவில் மன்றம், அரசுப் பள்ளிகளில் ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை சோதனைச் சாமான்களைக் கையில் கொடுக்கிறது. செயற்கை நுண்ணறிவும் ரோபோட்டிக்ஸும் சொல்லித்தரும் டி.என். ஸ்பார்க் 2025-ல் வந்தது. பணமும் பாடமும் வரத்தான் செய்கின்றன. வருடாவருடம் தவறாமல் வரும் தேதியும், அதற்குப் போய்வர பஸ் கட்டணமும்தான் பாக்கி.

இன்னொரு சிக்கல் நமக்கே உரியது. பத்தாம் வகுப்புக்கும் பிளஸ் டூவுக்கும் வந்ததும் பிள்ளையை எல்லா மன்றத்திலிருந்தும் இழுத்துக்கொள்கிறோம். ஏழாம் வகுப்பில் சேர்ந்து ஒன்பதில் கைதேர்ந்த பிள்ளை, அடுத்த ஜூனில் காணாமல் போய்விடும். ஆக ஒவ்வொரு வருடமும் மன்றம் பாதி காலியாகும். இதைச் சமாளிக்கும் பள்ளிகள் செய்வது எளிமையான வேலைதான். எந்தக் கை உடைந்தது, எந்த எண் வேலை செய்தது, நடுவர் என்ன கேட்டார் என்று எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதிவைக்கச் சொல்கிறார்கள். போட்டி முடிந்த பிறகு வரும் மாதங்களில் சீனியர்களே ஜூனியர்களுக்குக் கறுப்புக் கோட்டைப் பின்தொடரும் ‘லைன் ஃபாலோயர்’ ரோபோ சொல்லித்தருகிறார்கள். கோப்பை அலமாரியைப் பார்த்து ஒரு மன்றத்தை எடைபோட வேண்டாம். போன வருடத்து நோட்டை வாங்கிப் பாருங்கள்.

கோச் செய்த ரோபோ

போட்டியின் மறுபக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். ரோபோட்டிக்ஸ் இன்று ஒரு வியாபாரம். பள்ளியோடு ஒப்பந்தம் போட்டு ஆள் அனுப்பும் கம்பெனிகள் உண்டு. அவற்றில் நன்றாகச் சொல்லித்தருகிறவர்களும் இருக்கிறார்கள். போட்டிக்கு முந்தின வாரம் ரோபோவைத் தாங்களே செய்துமுடித்து, பிள்ளைகளுக்கு எந்த பட்டனை அழுத்துவது என்று மட்டும் சொல்லிக்கொடுக்கிறவர்களும் இருக்கிறார்கள். விண்ணப்பித்த எல்லாருக்கும் பதக்கம் தரும் ‘சர்வதேச’ப் போட்டிகளுக்கும் பஞ்சமில்லை. விமான டிக்கெட் எடுக்க முடிந்த பெற்றோரின் பிள்ளை உலகச் சாம்பியன் ஆகிவிடும், பத்திரிகையில் படமும் வரும்.

பெற்றோருக்கு ஒரு சோதனை சொல்கிறேன், செலவில்லாதது. பிள்ளையிடம் ரோபோவைப் பிரிக்கச் சொல்லுங்கள். பிறகு திரும்பப் பூட்டச் சொல்லுங்கள். தடுமாறிக்கொண்டேனும் பூட்டினால் கட்டிய பணம் வீண் போகவில்லை. கோச்சுக்கு போன் போட்டால் யோசிக்க வேண்டியதுதான்.

விலையுயர்ந்த கிட் இல்லாவிட்டால் மன்றமே இல்லை என்ற எண்ணமும் தவறு. லெகோ களத்துக்கு லெகோ கிட் வேண்டும், உண்மைதான். அதற்குப் பல்லாயிரக்கணக்கில் செலவாகும். ஆனால் ஆர்டுயினோ பலகை, மோட்டார் டிரைவர், இரண்டு மஞ்சள் பி.ஓ. மோட்டார், இரண்டு ஐ.ஆர். சென்சார் என்று சென்னை ரிச்சி தெருவில் வாங்கினால், பள்ளி விழா ஒன்றின் ஃப்ளெக்ஸ் செலவில் ஒரு ரோபோ செய்யலாம். முதல் போட்டிக்கு டெல்லி வரை போகவும் வேண்டாம். காரைக்குடி வட்டாரத்துப் பள்ளிகள் பத்து சேர்ந்து, ஒரு சனிக்கிழமை, வெள்ளைச் சார்ட்டில் கறுப்பு டேப் ஒட்டி நடத்தினால் அதுவும் போட்டிதான். அழகப்பா பொறியியல் கல்லூரி மாணவர்கள் நடுவராக வந்து உட்கார்ந்தால் களை கட்டிவிடும்.

ஊருணியும் கீழடியும்

லெகோ லீக் ஒவ்வொரு வருடமும் ஒரு கருப்பொருள் கொடுக்கும் என்றேன். 2017-18-ல் அது தண்ணீர். மனிதர் தண்ணீரை எடுத்து, பயன்படுத்தி, வெளியேற்றும் சுழற்சியில் ஒரு பிரச்சினையைக் கண்டுபிடித்துத் தீர்வு சொல்ல வேண்டும். செட்டிநாட்டு வீட்டின் கூரையில் விழும் மழை முற்றத்தில் இறங்கி, வடிகால் வழியாக ஊருணிக்குப் போய்ச் சேரும் ஏற்பாட்டை இந்த ஊர்ப் பிள்ளைகள் தினம் பார்த்துக்கொண்டே பள்ளிக்குப் போகிறார்கள். மற்ற நாட்டுப் பிள்ளைகள் புத்தகத்தில் தேட வேண்டியது இங்கே தெருவில் கிடக்கிறது.

2025-26-ன் கருப்பொருள் தொல்லியல். அகழாய்வாளர்கள் சந்திக்கும் நிஜமான பிரச்சினை ஒன்றைப் பிள்ளைகள் எடுத்துக்கொள்ள வேண்டும், துறை தெரிந்தவரிடம் பேசியிருக்க வேண்டும். கீழடி இருப்பது இதே சிவகங்கை மாவட்டத்தில். செட்டிநாட்டு வீட்டுப் பாணியில் கட்டிய அதன் அருங்காட்சியகம் 2023 மார்ச் 5-ல் திறந்தது. குழிக்குள் மழைநீர் புகுந்தால் என்ன செய்கிறீர்கள், ஆயிரக்கணக்கான பானை ஓடுகளை எப்படிப் பிரித்து எண் போடுகிறீர்கள் என்று நேரில் போய்க் கேட்டுவர மானகிரியிலிருந்து ஒரு பகல் போதும். ஓடுகளை நிறம் பார்த்துப் பிரிக்கும் ஒரு சின்ன எந்திரத்தைப் பிள்ளைகள் செய்தால், அது ஓடாவிட்டாலும் நடுவரிடம் பேச அவர்களிடம் விஷயம் இருக்கும்.

இப்போது செட்டிநாட்டுப் பெரியவர்களிடமும், வெளியூர், வெளிநாடு போய்ச் சம்பாதிக்கும் பழைய மாணவர்களிடமும் ஒரு விண்ணப்பம். பள்ளிக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று தோன்றும்போது கட்டடமும் கல்வெட்டும்தான் முதலில் நினைவுக்கு வருகின்றன. அவற்றைப் பலர் செய்துவிட்டார்கள். நீங்கள் படித்த அரசுப் பள்ளிக்கு எட்டுக்கு நாலு அளவில் ஒரு மேசை செய்துகொடுங்கள். காரைக்குடி ஆசாரிகளுக்கு அது ஒரு நாள் வேலை. ஒரு அணியின் நுழைவுக் கட்டணத்தையும், போட்டி நடக்கும் ஊருக்குப் பத்துப் பிள்ளைகளும் இரண்டு ஆசிரியர்களும் போய்வரும் செலவையும் ஐந்து வருடத்துக்கு ஏற்றுக்கொள்ளுங்கள். முதல் வருடம் கடைசி இடத்தில் வந்தால் இரண்டாவது வருடத்துப் பணத்தை நிறுத்திவிடாதீர்கள். பெயர் பொறிக்க ஆசையிருந்தால் மேசையின் விளிம்பில் தாராளமாகப் பொறித்துக்கொள்ளலாம்.